அடிக்காமல் விட்ட கதையை யாரும் கேட்பதில்லை

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. சண்டை போட்டதற்காக அனுப்பப்படும் பையன்கள், யார் முதலில் கைவைத்தது, யார் கீழே விழுந்தது என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்வார்கள். "அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டது உண்டா?" என்று கேட்டால் முழிப்பார்கள். அப்படி நடந்ததும் நிறையவே இருக்கும். ஆனால் அதை வெளியே சொல்லலாம் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. கோழைத்தனம் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

வீட்டில் மட்டும் வந்த பழக்கம் இல்லை இது. ஒரு நாடு எதற்குச் சிலை வைக்கிறது, எதற்குப் பாடப்புத்தகத்தில் பக்கம் ஒதுக்குகிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 1978 டிசம்பரில் அர்ஜென்டினாவும் சிலியும் தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாயை ஒட்டிய மூன்று சிறு தீவுகளுக்காகப் போருக்கே தயாராகிவிட்டன. வத்திக்கான் நடுவில் வந்து சமரசம் பேசியது; போர் நடக்கவில்லை. பேச்சு வருடக்கணக்கில் இழுத்து, 1984இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதற்கிடையில், 1982இல், அதே அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனோடு மோதியது. 74 நாட்களில் இரு தரப்பிலும் சேர்த்து 900 பேருக்கு மேல் செத்தார்கள். தீவுகள் இன்றும் பிரிட்டனிடம்தான். இந்த இரண்டில் எதை நீங்கள் முன்பே கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா செய்த பொம்மைச் சோதனை பிரபலமானது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அடித்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1965இல் அவர் வெளியிட்ட அடுத்த ஆய்வு. அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். சரி, அப்புறம்? பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு என்றதும், மற்ற குழந்தைகள் அளவுக்கே இவர்களும் செய்துகாட்டினார்கள். பாடம் ஏறியிருந்தது, பரிசுக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் 'ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தால் திருந்திவிடுவான்' என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளியே கைதட்டல் அவனுக்காகத் தயாராக இருக்கிறது.

"அப்போ அடிவாங்கிட்டு வரச் சொல்றீங்களா?" என்று கேட்காத அப்பாக்கள் குறைவு. தன்னைக் காத்துக்கொள்வதை நான் தடுப்பதில்லை. ஆசிரியரிடம் போய்ச் சொன்னவனை 'போட்டுக்கொடுப்பவன்' என்று வீட்டிலேயே கேலி செய்யாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சண்டைக் கதையைக் கேட்கும் அதே ஆர்வத்தோடு, சண்டை வராமல் போன நாளையும் கேளுங்கள். அவன் என்ன சொன்னான், நீ என்ன பதில் சொன்னாய், கோபம் எந்த இடத்தில் இறங்கியது? முதல் சில தடவை "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். விடாமல் கேளுங்கள்.