பாதம் தொங்கினால் முழங்காலின் வெளிப்புறத்தையும் பாருங்கள்

ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்று விழுகிறது. படியேறும்போது கட்டைவிரல் இடிக்கிறது. சமதரையிலும் தடுக்குகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலர் இடுப்பு எம்.ஆர்.ஐ. படத்துடன்தான் வருகிறார்கள். நடுவயதைத் தாண்டிய பலருக்கு, எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், முதுகெலும்பு வட்டில் தேய்மானமோ பிதுக்கமோ படத்தில் தெரியும். அதைக் கண்டதும் பழி முதுகின் மேல் விழுந்துவிடுகிறது. முழங்காலைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை. இது எனக்குப் பெரும் வருத்தம்.

பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குப் போகும் பெரோனியல் நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், ஃபிபுலா என்னும் கீழ்க்காலின் வெளிப்புற எலும்பின் கழுத்தை, அதாவது அதன் மேல்முனைக்குச் சற்றுக் கீழுள்ள ஒடுங்கிய பகுதியை, சுற்றிக்கொண்டு செல்கிறது. அந்த இடத்தில் அதற்குத் தசையின் பாதுகாப்பு மிகக் குறைவு. நெடுநேரம் குந்தி உட்கார்ந்து களையெடுப்பவர்களுக்கும், மாவுக்கட்டு இறுக்கமாகப் போடப்பட்டவர்களுக்கும் நரம்பு நசுங்குவது இங்கேதான். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், கேங்லியன் என்னும் நீர்க்கட்டி.

மணிக்கட்டின் மேல் கோலிக்குண்டு போல் புடைத்து நிற்கும் கட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே வகைக் கட்டிதான் இது, புற்றுநோய் அல்ல. ஆனால் நரம்பருகே வந்தால் சங்கடம். சில கட்டிகள் வெளியிலிருந்து நரம்பை அழுத்தும். சில நரம்பின் உறைக்குள்ளேயே வளரும். அப்போது கைக்கு எதுவும் தட்டுப்படாமலே போகலாம்.

இந்தக் கட்டியில் இருப்பது மூட்டிலிருந்து கசிந்த நீர். அது நரம்புக்குள் எப்படிப் போகிறது? ஃபிபுலாவின் மேல்முனை, பக்கத்து எலும்புடன் ஒரு சிறிய மூட்டில் சேர்கிறது. பெரோனியல் நரம்பிலிருந்து மெல்லிய கிளை ஒன்று அந்த மூட்டுக்குப் போகிறது. மூட்டின் உறையில் விரிசல் விழுந்தால், உள்ளிருக்கும் நீர் அந்தக் கிளைக்குள் புகுந்து, அதன் வழியாகவே மேலேறி முதன்மை நரம்பை அடைந்து, உறைக்குள் தேங்கி இழைகளை நெரிக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்பின்னரும் அவருடைய குழுவினரும் 2000-களின் தொடக்கத்திலிருந்து இதைத் தெளிவாக விளக்கினார்கள்.

கட்டடப் பணி செய்யும் ஒருவர், மாதக்கணக்கில் முதுகுக்குச் சிகிச்சை எடுத்துவிட்டு வந்தார். பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. உள்பக்கமாகத் திருப்பச் சொல்லி என் கையால் தடுத்தேன். முழு பலத்தோடு தள்ளினார். முதுகில் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கியிருந்தால் இந்த அசைவும் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். ஃபிபுலாவின் கழுத்தில் விரலால் தட்டினேன். மேல்பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கிறது என்றார். அந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் பார்த்ததும் கட்டி தெரிந்தது. பலவீனம் வருவதற்கு முன்பே முழங்காலின் வெளிப்புறத்தில் வலி வந்து வந்து போயிருக்கிறது. கேட்ட பிறகுதான் சொன்னார். இந்த வலியை நோயாளிகள் தாமாகச் சொல்வது குறைவு. மருத்துவர்தான் கேட்க வேண்டும்.

உட்புறக் கணுக்காலிலும் இத்தகைய கட்டி வரும். அங்கே உள்ளங்காலுக்குப் போகும் டிபியல் நரம்பு நசுங்கி உள்ளங்கால் எரியும், மரத்துப்போகும். சர்க்கரை நோயாளி என்றால் உடனே "சர்க்கரையால்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பொதுவாக இரண்டு பாதங்களையும் பிடிக்கும். ஒரு பாதத்தில் மட்டும் எரிச்சல் என்றால் கணுக்காலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டி இருக்கும் இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ஊசியால் நீரை உறிஞ்சினால் வலி குறையலாம், ஆனால் மூட்டுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள வழி திறந்தே இருப்பதால் கட்டி மறுபடி நிரம்பக்கூடும். அறுவையிலும் இதே கதைதான். நீரை வெளியேற்றுவதோடு, மூட்டிலிருந்து வரும் அந்தக் கிளையைக் கட்டித் துண்டிக்க வேண்டும். தேவைப்பட்டால் மூட்டையும் சரிசெய்ய வேண்டும். கட்டியின் சுவரை நரம்பிழைகளிலிருந்து உரித்தெடுக்க முயன்றால் இழைகளே சேதமாகும். அறுவைக்கு ஒப்புதல் தருமுன், "மூட்டுக் கிளையையும் துண்டிப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

காலம் கடத்துவதுதான் பெரிய நஷ்டம். அறுபட்ட நரம்பிழை மீண்டும் வளர்வது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நீண்ட காலம் நரம்பின் தொடர்பற்றுக் கிடந்த தசை பிறகு முழுதாகத் திரும்புவதில்லை. மீளும் மாதங்களில் பாதத்தைத் தாங்கும் பட்டையைக் காலணிக்குள் அணிந்துகொள்ளுங்கள். கணுக்கால் இறுகிப்போகாமல் இருக்கப் பிசியோதெரபி பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள்.