ஆர்வி கூரையில் சோலாரா? முதலில் இரவுகளை எண்ணுங்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில் ஆர்வி வண்டிகளுக்கு, அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளுக்கு, சோலார் மாட்டுவதுதான் என் தொழில். டிசம்பரில் ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூரையில் 800 வாட் பேனல், உள்ளே 400 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி. வேறு எங்கோ மாட்டியது. "மூன்று நாள் நன்றாக ஓடுகிறது. நான்காம் நாள் விடியற்காலை ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. பேட்டரி போலியா?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி கேபிளில் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். அப்போதும் 3 ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர்தான். சும்மா இருப்பதற்கே ஒரு நாளைக்கு 0.9 யூனிட் தின்றுகொண்டிருந்தது. 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு 1 யூனிட், இரவு பகலாக ஓடும் இணைய டிஷ்ஷுக்கு 1.2, விளக்கு, விசிறி, தண்ணீர் பம்புக்கு அரை. மொத்தம் 3.6 யூனிட்.

வரவு? அவர்கள் தங்கியிருந்த குவார்ட்சைட் ஊர்ப் பக்கம் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட சூரியன் சுமார் 33 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் பாதிதான் கிடைக்கும். 800 வாட்டிலிருந்து 2 யூனிட் வந்தாலே பெரிது. தினமும் 1.6 துண்டு விழுகிறது. பேட்டரியில் இருப்பதோ 5 யூனிட் சொச்சம். நான்காம் நாள் நிற்காமல் என்ன செய்யும்?

இன்னும் இரண்டு பேனல் போடலாமா என்றார். வேண்டாம் என்றேன். இரவு பத்து மணிக்கு டிஷ்ஷையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள், பேனலைத் தெற்கு பார்த்துத் தூக்கி நிறுத்துங்கள், போதும். (ஏணி ஏற அலுத்துக்கொண்டு பாதிப் பேர் தூக்கவே மாட்டார்கள். காற்றடித்தால் இறக்க மறந்தும் விடுவார்கள்.)

சரி, பணக் கணக்குக்கு வருவோம். இந்த அளவு அமைப்புக்கு என் பட்டறையில் பொருளும் கூலியும் சேர்ந்து 5,000 டாலரைத் தொடும். மின் இணைப்புள்ள முகாமில் இரவுக்கு 45 டாலர் என்று வையுங்கள். சுமார் 111 இரவுகள் அந்த இணைப்பில்லாமல் தங்கினால் போட்ட காசு திரும்பும். பிஎல்எம் என்ற அரசு நில நிர்வாகத் துறையின் நிலங்களில் பல இடங்களில் 14 நாள்வரை இலவசமாகத் தங்கலாம். அப்படியே சுற்றுகிறவர்களுக்கு ஒரே வருடத்தில் கணக்கு நேராகிவிடும். வருடத்துக்கு 15 இரவு மட்டும் அப்படித் தங்குகிறவர்களுக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டியையே விற்றிருப்பார்கள். அவர்களிடம் 200 வாட் மடக்குப் பேனல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு நஷ்டம்தான்.

சோலாருக்கான அமெரிக்க மத்திய அரசின் 30 சதவீத வரிச்சலுகையைக் கழித்து யாராவது விலை சொன்னால் கவனம்: அது 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது.

ஏசிதான் எல்லோருக்கும் ஆசை. கூரை ஏசி ஒன்று கம்ப்ரஸர் ஓடும்போது 1,500 வாட் வரை இழுக்கும். மேலே சொன்ன முழு பேட்டரியும் மூன்று மணி நேரத்தில் காலி. சோலாரில் இரவு முழுக்க ஏசி ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னால், எத்தனை பேட்டரி, எவ்வளவு எடை என்று கேளுங்கள். அப்புறம், அதே ஏசிப் பெட்டியின் நிழல் பேனலில் ஒரு மூலையில் விழுந்தாலும் அந்தப் பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போகலாம். பேனலை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுமுன் மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை கூரையில் ஏறிப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, கரண்ட் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு இரவு உள்ளேயே தங்குங்கள். மாலையும் காலையும் பேட்டரி மீட்டர் காட்டுவதைக் குறித்துவையுங்கள். யாரிடம் விலை கேட்கப் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள்.