கறையான் தின்னாத தாள்: பேரனாரின் விமானப்படைப் பதிவைக் கேட்டுப் பெறும் வழி

2008 மார்கழியில் முள்ளியவளையை விட்டு வெளியேறியபோது, வீட்டு றங்குப்பெட்டியைக் கிணற்றடி வாழைகளுக்கு நடுவே புதைத்துவிட்டுப் போனோம். மீளக் குடியேறித் தோண்டியபோது பெட்டியின் அடித்தகடு உக்கிப் போயிருந்தது. உள்ளே இருந்த படங்களையும் கடதாசிகளையும் கறையான் தின்றிருந்தது. அப்பப்பாவின் பொருள்களில் மிஞ்சியது ஒரு பித்தளைத் தொப்பிச் சின்னம் மட்டுந்தான். மேலே ஒரு முடி, சுற்றிவர இலைவளையம், நடுவில் ஆர், ஏ, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் பிரித்தானிய விமானப்படையில் இருந்தார் என்பதற்கு எங்களிடம் வேறு சான்று கிடையாது.

வன்னியில் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. ‘எல்லாம் அழிந்துவிட்டது, இனி எங்கே தேடுவது’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒருவருடைய படைச் சேவைப் பதிவு அவருடைய வீட்டுப் பெட்டியில் இருந்த கடதாசி அல்ல. அதை எழுதியதும் வைத்திருந்ததும் படை அலுவலகம். நம்முடைய வீடுகள் எரிந்தபோதும் அது இங்கிலாந்தில் ஒரு தட்டில் பத்திரமாக இருந்தது. இறந்துபோன படையினரின் பதிவைக் கேட்க அங்கே ஒழுங்கான நடைமுறை உண்டு. கேட்பவர் பிரித்தானியப் பிரசையாக இருக்கத் தேவையில்லை. ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டும் கேட்கலாம்.

முதலில் தீர்க்க வேண்டியது, ‘ஏர்போர்ஸில் இருந்தவர்’ என்று வீட்டில் சொல்லப்படுவதன் பொருள் என்ன என்பதுதான். போர்க்காலத்தில் இலங்கைக்கென்று தனி விமானப்படை இருக்கவில்லை. இலங்கை அரச விமானப்படை தொடங்கியது 1951 மார்ச் 2ஆம் திகதி. ஆகவே 1945க்கு முன் இங்கே விமானப்படைச் சீருடை அணிந்தவரைப் பெரும்பாலும் பிரித்தானிய விமானப்படையில்தான் தேட வேண்டும். பேரனார் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால், 1932இல் உருவான இந்திய விமானப்படையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. வவுனியாவில் இன்று விமானப்படைத் தளம் இருக்கும் இடம் அன்று பிரித்தானியர் போட்ட ஓடுபாதை. 22ஆம், 217ஆம் இலக்க ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்) அங்கிருந்து போஃபோர்ட் விமானங்களைப் பறக்கவிட்டன. சீனன்குடா, மின்னேரியா, காங்கேசன்துறை என்று வேறு தளங்களும் இருந்தன. இத்தகைய தளங்களில் கூலிவேலைக்கும் சமையலுக்கும் எழுத்து வேலைக்கும் ஊரவர்களைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அவர்களும் பிற்காலத்தில் ‘விமானப்படையில் வேலை செய்தேன்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது உண்மையுங்கூட. ஆனால் படையில் சேர்ந்து இலக்கம் பெறாதவருக்குச் சேவைப் பதிவு இருக்காது. கட்டணம் கட்டிக் காத்திருந்து ஏமாறாமல் இருக்க, இதை வீட்டு முதியவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சீருடை போட்டாரா, வெளிநாடு அனுப்பப்பட்டாரா, பதக்கம் வந்ததா என்று கேளுங்கள்.

மிஞ்சிய சிறு பொருள்கள் சொல்பவை அதிகம். எங்களுடையதைப் போலத் தொப்பிச் சின்னத்தின் நடுவில் எழுத்துகள் இருந்தால் அவர் சாதாரண விமானப்படை வீரர். துணியில் தைத்த, சிறகு விரித்த கழுகுள்ள சின்னம் என்றால் அதிகாரி. இருவருடைய பதிவுகளும் வெவ்வேறு வரிசையில் இருப்பதால் இந்த வேறுபாடு முக்கியம். கழுத்தில் கட்டும் நாரட்டை அடையாள வட்டு கிடைத்தால் அதுவே பெரிய புதையல், ஏனென்றால் சேவை இலக்கம் அதில் அடிக்கப்பட்டிருக்கும். ‘படிவம் 64’ என்ற சம்பளப் புத்தகத்திலும் இலக்கம் உண்டு. பதக்கத்தைப் புரட்டிப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பிரித்தானிய விமானப்படையினருக்கு வழங்கிய அந்தப் போர்க்கால நட்சத்திரங்களிலும் பதக்கங்களிலும் பெயர் பொறிக்கப்படவில்லை. அவை வந்த சிறிய அட்டைப்பெட்டியும் அதற்குள் இருந்த துண்டுச்சீட்டும்தான் பயன்படும்.

இலக்கம் கிடைக்காவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. முழுப் பெயரும் பிறந்த திகதியும் கொண்டு தேடச் சொல்லலாம். லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏ.ஐ.ஆர். 78’ என்ற தொகுதி விமானப்படை வீரர்களின் பெயர்ச் சுட்டி. பெயரிலிருந்து இலக்கத்தைப் பிடிக்க அது உதவும். அதிகாரியாக இருந்தவர் என்றால் ‘லண்டன் கெசற்’ என்ற பிரித்தானிய அரச வர்த்தமானியை இணையத்தில் இலவசமாகத் தேடுங்கள். நியமனமும் பதவி உயர்வும் அதில் திகதியோடு வெளிவந்திருக்கும்.

பெயரில்தான் நம்மவர்களின் தேடல்கள் சறுக்குகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். வேலுப்பிள்ளை கந்தையா என்பவரைப் படை எழுத்தர் கந்தையா என்ற குடும்பத்தில் போட்டிருக்கலாம், வேலுப்பிள்ளை என்ற குடும்பத்திலும் போட்டிருக்கலாம். கந்தையாவை ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்தில் தொடங்கினாரா, ‘சி’ எழுத்தில் தொடங்கினாரா? சின்னத்தம்பிக்கு ‘எஸ்’ போட்டாரா, ‘சி.எச்.’ போட்டாரா? மிஷன் பாடசாலையில் படித்தவருக்கு அங்கே வைத்த கிறிஸ்தவப் பெயரும் இருந்திருக்கலாம். எனவே விண்ணப்பத்தில் ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். சாத்தியமான எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி, ‘இதில் முதலாவது தகப்பன் பெயர், இரண்டாவது இவருடைய பெயர்’ என்று விளக்கமாகச் சொல்லுங்கள். பிறந்த ஆண்டும் அப்படித்தான். படையில் சேர வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் எந்த நாட்டிலும் இருந்தார்கள். எங்கள் முதல் விண்ணப்பம் ‘பதிவு இல்லை’ என்ற பதிலோடு வந்ததற்குக் காரணம் பெயரை முன்பின்னாக எழுதியதுதான். அந்த ஒரு பிழையால் ஓராண்டை இழந்தோம்.

அடுத்தது மரணச் சான்றிதழ். போர்ச் சேவையிலேயே உயிரிழந்தவர் என்றால் இது தேவையில்லை. வீடு திரும்பி, பிறகு இறந்தவர் என்றால் இறந்துவிட்டார் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். இறப்புகள் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதியப்படுகின்றன. மரணம் நிகழ்ந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பிரதி கேளுங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அந்தியேட்டி நடந்த மாதம், மாமரம் நட்ட ஆண்டு, சூறாவளிக்கு முந்தியதா பிந்தியதா என்று நினைவுகளைக் கோத்து ஆண்டைக் குறுக்கிக் கொடுங்கள். வன்னியில் 1964 சூறாவளியை மறந்த முதியவர் இல்லை. மாவட்டத்துப் புத்தகம் போரில் அழிந்துவிட்டது என்று சொன்னாலும் அதோடு திரும்பி வராதீர்கள். பதிவுகள் இரு பிரதியாக எழுதப்பட்டன. மற்றைய பிரதி கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறையில் தேடப்படும். இடம்பெயர்வின்போது இறந்து, அன்று பதியப்படாமலே போனவர்களும் பலர். அந்த நிலையில் கிராம அலுவலரிடமிருந்து தொடங்கிக் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் இந்தச் சான்றிதழ் காணி அலுவலுக்கும் உதவும் என்பதால் வீண்போகாது. கிடைத்ததும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்ளுங்கள். பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு தகவல் கிடைக்கும் என்பது இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பொறுத்தது. இறந்து 25 ஆண்டுகள் ஆகாதவர் என்றால், நெருங்கிய உறவினரின் சம்மதம் இன்றிக் கேட்பவருக்குப் பெயர், இலக்கம், பதவிநிலை, சேர்ந்த திகதி, விலகிய திகதி போன்ற அளவான விவரங்களே கொடுக்கப்படும். 25 ஆண்டுகள் கடந்திருந்தால் அவர் நின்ற பிரிவுகள், இடங்கள், திகதிகள், பெற்ற பதக்கங்கள் என்று கூடுதலாக வரும். ஆகவே அப்பம்மா உயிரோடு இருந்தால் அவருடைய கையொப்பத்தை முதலில் வாங்குங்கள். விதவைக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. இறக்கும்போது மனைவியாக இருந்தவரிடம் கட்டணம் அறவிடுவதில்லை. மற்றவர்களுக்கு நெடுங்காலமாக 30 பவுண் கட்டணம் இருந்து வருகிறது. பதிவு கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. கட்டும் நாளில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டை இல்லாதவர்கள் லண்டனில் இருக்கும் உறவினரைக் கட்டச் சொல்லலாம். ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று பெருந்தொகை கேட்கும் தரகர்களை அண்டவிடாதீர்கள். விண்ணப்பிப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. முன்பு இந்தப் பதிவுகள் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்தன, விமானப்படைக் கேள்விகளைக் கிரான்வெல் தளத்தில் உள்ள பிரிவு கவனித்தது. 2022 முதல் முப்படைகளுக்கும் உரிய 90 இலட்சத்துக்கு மேற்பட்ட பழைய கோவைகள் கட்டங்கட்டமாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. உங்கள் பேரனாருடையது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரிட்டுத் தேடிப் பாருங்கள். அங்கே 115 ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்களின் கோவைகள் திறந்திருக்கும். அதற்குப் பின் பிறந்தவர் என்றால் மரணச் சான்றோடு தகவல் அறியும் கோரிக்கை அனுப்ப வேண்டும். அந்த நாட்டின் தகவல் சட்டம் உலகில் எவருக்கும் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது.

1951க்குப் பின் இலங்கை விமானப்படையில் நின்றவர் என்றால் வழி வேறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விமானப்படையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். படை என்ற சொல்லைக் கேட்டதும் தயங்கும் நிலை நம்மிடையே இருக்கிறது, அதன் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இது குடும்பத்தின் உரிமை.

பதில் வரும்போது கதையை எதிர்பார்த்துத் திறக்காதீர்கள். வீரருடைய பதிவு ‘படிவம் 543’ என்ற தாள். திகதிகளும் சுருக்கெழுத்துகளும்தான் நிறைந்திருக்கும். ஏ.சி.2 என்றால் இரண்டாந்தர விமானப்படை வீரர், எல்.ஏ.சி. என்றால் அதற்கு மேலான முதன்மை வீரர். பிரிவின் பெயரையும் திகதியையும் எடுத்துக்கொண்டு காப்பகத்தின் செயற்பாட்டுப் பதிவேடுகளுக்குப் போங்கள். ஸ்குவாட்ரன்களுக்கு ‘ஏ.ஐ.ஆர். 27’, தளங்களுக்கு ‘ஏ.ஐ.ஆர். 28’. எந்த நாளில் மழையால் பறக்கவில்லை, எந்த விமானம் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அன்றன்று எழுதப்பட்டிருக்கும். தரையில் வேலை செய்தவரின் பெயர் அதில் அரிதாகவே வரும், ஆனால் அவர் வாழ்ந்த நாட்கள் அங்கே இருக்கின்றன.

திரும்பி வராதவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையப் பட்டியலைத் தேடுங்கள், கட்டணம் இல்லை. கல்லறை திருகோணமலையிலோ கண்டியிலோ இருக்கலாம். இந்தப் பகுதியில் இறந்து உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் நினைவுச் சுவரில் உள்ளன. வாங்கப்படாமல் போன பதக்கங்களுக்கும் சட்டப்படியான வாரிசு பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

அப்பப்பாவின் தாள் இரண்டாவது முயற்சியில் வந்தது. வயதை இரண்டு ஆண்டு கூட்டிச் சொல்லியிருக்கிறார். ‘நெருங்கிய உறவினர்’ என்ற கட்டத்தில் அவருடைய தாயின் பெயர் இருந்தது. எங்களில் எவருக்கும் அந்தப் பூட்டியின் பெயர் தெரிந்திருக்கவில்லை. அதன் கீழே முள்ளியவளை என்பதை ஓர் ஆங்கில எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அப்பா அதைப் பலமுறை உரக்க வாசித்தார்.