பழைய லேப்டாப்புக்குச் சொந்தக் கெர்னல்: கம்பைல் பண்ணும் முன் கொஞ்சம் பேசுவோம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்கிறது. அதனால் கிருஷ்ணகிரியில் என் சர்வீஸ் மேசைக்கு வரும் பழைய லேப்டாப்களில் நிறையவற்றுக்கு இப்போது லினக்ஸ்தான் போட்டுத் தருகிறேன். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தவைகூட இன்னும் வருகின்றன.

போட்டுக் கொடுத்துக் கொஞ்ச நாளில் சிலர் திரும்ப வருவார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பசங்க. ஏதோ வீடியோ பார்த்திருப்பார்கள். "அண்ணா, கெர்னலை நாமளே கம்பைல் பண்ணிட்டா ஸ்பீடு ஏறுமாமே?"

நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஏறாது தம்பி.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கெர்னல் என்பது ஹார்டுவேருக்கும் புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் லினக்ஸின் மையப் பகுதி. அதன் சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, ஓடக்கூடிய வடிவத்தைக் கட்டுவதுதான் கம்பைல். டெபியன், உபுண்டு, மின்ட் என எந்த லினக்ஸ் தொகுப்பானாலும் (இதைத்தான் டிஸ்ட்ரோ என்பார்கள்) அதனுடன் வரும் கெர்னலில் டிரைவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி மாட்யூல்களாக, தனித்தனிக் கோப்புகளாக, வட்டில் சும்மா கிடக்கின்றன. மளிகைக் கடையில் ஆயிரம் சாமான் இருந்தாலும் நம் வீட்டுப் பைக்குள் வருவது நாம் கேட்டது மட்டும்தான் இல்லையா, அதுபோலத்தான். டெர்மினலில் 'எல்எஸ்மாட்' என்று அடித்துப் பாருங்கள். உங்கள் மெஷினில் உண்மையில் ஏறியிருப்பது நூறு சொச்சம் மாட்யூல்தான் இருக்கும். மற்றவை ரேமைத் தொடுவதே இல்லை. ஆக, கெர்னலைச் சுருக்கி நீங்கள் மிச்சப்படுத்துவது வட்டில் சில நூறு எம்பி, ரேமில் சில எம்பி. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் அதைவிட அதிகம் போய்விடும்.

பழைய லேப்டாப் இழுப்பதற்குக் காரணம் நான் பார்த்தவரை மூன்றுதான். சுழலும் ஹார்டு டிஸ்க், போதாத ரேம், தூசி அடைத்த ஃபேன். டிஸ்க்கைக் கழற்றி ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வித்தியாசத்தை எந்தக் கெர்னலும் தராது. ரேம் ஏற்ற வழியில்லை என்றால் ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் போடுங்கள், டெஸ்க்டாப்பை இலகுவான எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாற்றுங்கள். ஃபேன் விஷயத்தில் நம்ம ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கிரானைட் பாலிஷ் போடும் யூனிட் ஆபீஸிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால் ஹீட்சிங்க் துடுப்புகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளமே இருக்கும். சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளையில் வெப்பம் வரம்பைத் தாண்டியது, கிளாக் குறைக்கப்பட்டது என்ற பொருளில் வரிகள் வந்தால் கெர்னலை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

அப்படியென்றால் கம்பைல் பண்ணவே வேண்டாமா? வேண்டும், காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால். குறிப்பிட்ட ஒரு டிரைவர் வேண்டும், டச்பேடுக்கான ஒரு பேட்ச் (சோர்ஸில் செய்யும் சிறு திருத்தம்) வேண்டும், அல்லது கெர்னல் எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்க வேண்டும். மூன்றாவது மிக நல்ல காரணம். முதலாவதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டெபியன் 12-இல் இருப்பது 6.1 கெர்னல். ரியல்டெக் 8821சியு சிப் உள்ள மலிவான யுஎஸ்பி வைஃபை டாங்கிளுக்கான டிரைவர் 6.2-இல்தான் உள்ளே வந்தது. இதற்காகவே கம்பைல் பண்ண உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய டெபியனுக்கும் புதிய பொதிகளைத் தரும் டெபியன் பேக்போர்ட்ஸில் புதிய கெர்னல் தயாராகவே இருக்கிறது, ஒரு 'ஏபிடி' கட்டளையில் வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் சோர்ஸ் இறக்காதீர்கள்.

சரி, காரணம் இருக்கிறது, செய்துதான் பார்ப்பேன் என்கிறவர்களுக்கு இனிச் சொல்வது.

முதலில், பழைய லேப்டாப்பிலேயே கம்பைல் பண்ணாதீர்கள். 2 ஜிபி ரேமில் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் நினைவகம் தீர்ந்து கம்பைலரையே கெர்னல் கொன்றுவிடும். 'கில்டு' என்று ஒரு வரி வரும், கோடில் ஏதோ பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். டிஸ்ட்ரோவின் முழு கான்ஃபிக்கோடு, அதாவது எதையெல்லாம் கட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்போடு, பழைய டூயல் கோரில் ஓட்டினால் பல மணி நேரம் ஆகும். அந்த மெஷினின் பேட்டரியும் செத்துப்போயிருக்கும் என்பதால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு உட்கார வேண்டும். கரண்ட் போய் வந்தபின், கட்டும் கட்டளையான 'மேக்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்தான். ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைலாகி வரும் துண்டுகள்) சில பூஜ்ய பைட்டில் நின்றுவிடுவதுண்டு. கடைசியில் இணைக்கும்போது புரியாத பிழை வந்தால் 'மேக் கிளீன்' கொடுத்துக் கட்டியதை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதே நிம்மதி.

நண்பரிடமோ கல்லூரி லேபிலோ வேகமான மெஷின் இருந்தால் அதில் கட்டுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கொண்டுபோக வேண்டியவை இரண்டே கோப்புகள். ஒன்று, பூட் கோப்புறையில் இருக்கும் இப்போதைய கெர்னலின் கான்ஃபிக். இரண்டாவது, 'எல்எஸ்மாட்' வெளியீட்டைச் சேமித்த கோப்பு. வேகமான மெஷினில் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுக்கும்போது அந்தக் கோப்பைக் காட்டினால், அதில் இல்லாத மாட்யூல்களை எல்லாம் வெட்டிவிடும். கம்பைல் நேரம் பெருமளவு குறைந்துவிடும்.

அந்த 'எல்எஸ்மாட்' கோப்பில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அது எழுதிக் கொடுப்பது அந்த நிமிடத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும். நேற்று செருகிய பென்டிரைவைப் பற்றி அதற்குத் தெரியாது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் எல்லாம் ஒழுங்காகக் கட்டி, அழகாக பூட் ஆகிற லேப்டாப்போடு வந்தார். புராஜெக்ட்டுக்கு யுஎஸ்பியில் செருகும் ஆர்டுயினோ போர்டு மட்டும் தெரியவில்லை. போர்டு பழுது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கவிருந்தார். அவருடையது சிஹெச்340 சிப் போட்ட போர்டு, அதற்கு வேண்டியது 'சிஹெச்341' மாட்யூல். பட்டியல் எடுத்தபோது போர்டு பையில் இருந்திருக்கிறது. டிஸ்ட்ரோ கெர்னலில் பூட் செய்து போர்டைச் செருகினேன், உடனே தெரிந்தது.

பென்டிரைவிலும் இதே கதை. செருகினால் மட்டும் போதாது, திறந்தும் பார்த்திருக்க வேண்டும். 'விஃபேட்' மாட்யூலும், கோப்புப் பெயர்களைப் படிப்பதற்கான எழுத்துக்குறி மாட்யூல்களும் மவுன்ட் ஆகும்போதுதான் ஏறும். நம்ம பக்கம் கிராமங்களில் பலருக்கு இன்டர்நெட் என்பதே போனிலிருந்து யுஎஸ்பி டெதரிங்தான். அதற்கு 'ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட்' மாட்யூல் வேண்டும். ஆகவே பட்டியல் எடுக்கும் முன் பென்டிரைவைத் திறந்து ஒரு கோப்பைப் பாருங்கள், போனை டெதரிங்கில் போடுங்கள், பிரின்டர், எஸ்டி கார்டு, புளூடூத், ஹெட்போன், விபிஎன் என்று நீங்கள் தொடும் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்குங்கள். மெஷினை அணைக்காமல் அப்படியே பட்டியலை எடுங்கள்.

சோர்ஸை கெர்னல் டாட் ஓஆர்ஜி தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், நீண்ட காலம் திருத்தங்கள் வரும் 'லாங்டேர்ம்' என்று குறித்த வரிசையிலிருந்து. 6.12 இப்போதைக்கு நல்ல தேர்வு, டெபியன் 13-லும் அதுதான். சுமார் 140 எம்பி வரும். பக்கத்திலேயே, இறக்கியது அசல்தானா என்று பார்க்க உதவும் கையொப்பக் கோப்பும் இருக்கும். சரிபார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், கையொப்பம் போடப்பட்டது சுருக்கிய கோப்புக்கு அல்ல, விரித்த டார் கோப்புக்கு. இது தெரியாமல் "பேட் சிக்னேச்சர்" என்று வந்ததும் சோதனையையே விட்டுவிடுகிறார்கள்.

கான்ஃபிக்கில் மூன்று இடங்களில் கை வையுங்கள். பிழை தேடுபவர்களுக்கான டீபக் இன்ஃபோவை அணையுங்கள், இல்லாவிட்டால் வட்டில் 20 ஜிபிகூடப் போய்விடும். டெபியன், உபுண்டு கான்ஃபிக்கில் நம்பகச் சாவிக்கான இடத்தில் அவர்களுடைய சான்றிதழ்க் கோப்பின் பெயர் இருக்கும். அது உங்களிடம் கிடையாது, அதை வெறுமையாக்குங்கள். லோக்கல் வெர்ஷனில் உங்கள் அடையாளமாக ஏதாவது ஒரு சொல்லைச் சேருங்கள். 6.16-லிருந்து, கட்டுகிற மெஷினின் பிராசஸருக்கென்றே கட்டும் 'நேட்டிவ்' விருப்பம் ஒன்று வந்திருக்கிறது. வேறு மெஷினில் கட்டும்போது அதைத் தொடாதீர்கள். புது பிராசஸருக்கான கட்டளைகள் பழையதில் ஓடாது.

'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுத்தால் டெபியன் வகை நிறுவல் கோப்புகளான டெப் பொதிகளாகவே கிடைக்கும். இமேஜ், ஹெட்டர்ஸ் இரண்டையும் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள். லிப்சி-டெவ் பொதி தேவையில்லை. ஹெட்டர்ஸ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பிராட்காம் வைஃபை உள்ள பழைய லேப்டாப்களில் 'டபிள்யூஎல்' டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருந்து வருவது. புதுக் கெர்னலுக்கு அதைத் திரும்பக் கட்ட ஹெட்டர்ஸ் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வைஃபை காணாமல் போகும். ஹெட்டர்ஸ் இருந்தும் மிகப் புதிய கெர்னலில் அது கட்டப்படாமல் போகலாம் என்பதால் போன் டெதரிங் கைவசம் இருக்கட்டும்.

பூட் ஆகாமல் ரூட் கோப்பமைப்பை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக் வந்தால் பயப்பட வேண்டாம். மெஷின் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பூட்டின் தொடக்கத்தில் தேவையான டிரைவர்களைத் தரும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகாததுதான் பெரும்பாலும் காரணம். 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால், கையொப்பமிட்ட கெர்னலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் தடுக்கிறது, உங்கள் கெர்னலில் ஏற்கத்தக்க கையொப்பம் இல்லை என்று பொருள். டிஸ்ட்ரோ கெர்னலை எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள்.

இனி, வீடியோக்களில் யாரும் சொல்லாத விஷயம். டெபியன் 12-இல் நீங்கள் 6.12 கட்டி நிறுவியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அப்டேட் வழக்கம்போல வரும். 6.1-க்கான பாதுகாப்பு ஓட்டையடைப்புகள் இறங்கும், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே திரை சொல்லும். ஆனால் கிரப் பதிப்பு எண் பெரிய கெர்னலையே முதலில் வைக்கும். ஓடுவது உங்களுடைய 6.12, நீங்கள் கட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்கு லேப்டாப் இந்த நிலையில் வந்தது. உறவுக்காரப் பையன் ஆசையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓசூர் போய்விட்டான். வங்கி வேலை, ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான். அப்டேட் தவறாமல் போட்டிருக்கிறார்கள், கெர்னலுக்கு மட்டும் ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

இதில் என்ன ஆபத்து? 2022 மார்ச்சில் வெளியான 'டர்ட்டி பைப்' ஓட்டை 5.8-லிருந்து இருந்தது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் சாதாரணப் பயனரே எழுதி ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், ஆகிவிடலாம். 5.10.102, 5.15.25, 5.16.11 பதிப்புகளில் சரிசெய்தார்கள். டிஸ்ட்ரோ கெர்னல் வைத்திருந்தவர்களுக்கு அது அப்டேட்டோடு வந்து சேர்ந்தது. கையால் கட்டியவர்கள் கையாலேயே மறுபடி கட்டியிருக்க வேண்டும். வேகத்துக்காக 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' போடச் சொல்லும் யோசனையும் இந்த ரகம்தான். 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகளுக்கான தடுப்பை அது கழற்றிவிடுகிறது. நெட் பேங்கிங் செய்யும் மெஷினில் அதற்கு இடமே இல்லை.

லாங்டேர்ம் வரிசையில் புள்ளிப் பதிப்பு ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஓட வேண்டாம், மாதம் ஒருமுறையாவது கட்டுங்கள். பழைய கான்ஃபிக்கைப் புது சோர்ஸில் வைத்து 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் முன்பு செய்ததுதான். புதியது இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு நீங்கள் முன்பு கட்டியதை நீக்குங்கள், பூட் பகிர்வு தனியாக இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். 'யூநேம்' கட்டளை இப்போது ஓடுவது எது, என்றைக்குக் கட்டியது என்று காட்டும். கட்ட நேரமில்லை என்று தெரிந்துவிட்டாலோ, லேப்டாப்பைத் தங்கச்சிக்கோ வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறீர்கள் என்றாலோ, உங்கள் கெர்னல் பொதிகளை நீக்கிவிட்டு டிஸ்ட்ரோ கெர்னலில் பூட் ஆகிறதா, வைஃபை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.