எல்லைக்கு இந்தப் பக்கம் பட்டாசு நேரம் வேறு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தீபாவளி வந்தால் ஒரு குழப்பமும் கூடவே வரும். நம் வீட்டு டிவியில் ஓடுவது சென்னைச் செய்தி. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அதில் சொல்வது தமிழ்நாட்டு அரசு வைத்த நேரம். நாம் இருப்பது பாலக்காடு மாவட்டம். இங்கே கேரள அரசின் உத்தரவுப்படி இரவு 8 முதல் 10 வரைதான். எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு விடியற்காலையில் வெடிக்க இங்கே அனுமதி இல்லை. பட்டாசைப் பொள்ளாச்சியில் வாங்கியிருந்தாலும் சரி, திரி கொளுத்தும் இடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்து நேரம்தான்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தீபாவளி போன்ற விழாக்களுக்கு நாடு முழுவதும் இரவு 8 முதல் 10 வரை என்றது. காலையில் வெடிப்பதுதான் எங்கள் வழக்கம் என்று தமிழ்நாடு முறையிட்டது. 2 மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று 30ஆம் தேதி நீதிமன்றம் தளர்த்தியது. அதைத்தான் அங்கே காலை ஒன்று, இரவு ஒன்று எனப் பிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு இரவு 11.55 முதல் 12.30 வரை. மலையாளப் புத்தாண்டான விஷுவுக்கு விடியலில் கணி கண்டதும் வெடிக்கிறோமே என்றால், ஏட்டில் அதற்கும் இடமில்லை. போலீஸ் எத்தனை வீட்டுக்குப் போகும் என்பது வேறு விஷயம். கோயில் திருவிழா வாணவேடிக்கையான வெடிக்கெட்டுக்கு விதிகள் தனி. 2016இல் கொல்லம் மாவட்டப் புற்றிங்கல் கோயிலில் நடந்த வெடி விபத்துக்குப் பிறகு அவை ரொம்பவே இறுகிவிட்டன.

வாங்கும்போது பெட்டியில் பசுமைப் பட்டாசு (மாசு குறைவாக வரும்படி செய்தது) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பேரியம் கலந்தது கூடாது. சரவெடிக்கும் தடைதான், கடையில் தொங்கினாலும். ஆன்லைனில் விற்பதையும் அந்த 2018 தீர்ப்பு தடுத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் மலிவு விலைப் பட்டியலை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எந்த நேரத்திலும் வெடிக்கக் கூடாது.

அப்புறம், கோவையிலிருந்து ரயிலில் பையோடு பட்டாசு கொண்டுவரும் பழக்கம். ரயில்வே சட்டம் 164ஆவது பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பி மத்தாப்பு மட்டும்தான் என்றாலும் விலக்கில்லை.