மாற்றுச் சபை மாப்பிள்ளைக்கு மறுபடியும் திருமுழுக்கா?

சென்ற மாதம் இராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிப் பத்திரிகையும் அச்சடித்த பிறகு, "பையன் முதலில் நம் கோயிலில் திருமுழுக்குப் பெறட்டும்" என்று பெண்ணின் பெரியப்பா பிடித்த ஒரே பிடிவாதத்தால் சம்பந்தத்தை முறித்துக்கொண்டது. மாப்பிள்ளை வியாசர்பாடியைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை) குடும்பத்தவர், கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் (நாங்கள் திருமுழுக்கு என்பதும் இதைத்தான்) பெற்றவர். திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்கும் எனக்கு இந்தக் கதை புதிதன்று என்பதுதான் எரிச்சல்.

தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரைக் கொண்டு முறையாகக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம், அதைக் கொடுத்தவர் சி.எஸ்.ஐ. ஆயராக இருந்தாலும் லுத்தரன் போதகராக இருந்தாலும், கத்தோலிக்கத் திருச்சபையின் பார்வையில் செல்லும். அதைத் திரும்பக் கொடுக்க எந்தப் பங்குத்தந்தைக்கும் (ஊர்க் கோயிலின் பொறுப்புக் குருவுக்கும்) உரிமை இல்லை. மாப்பிள்ளை சபை மாற வேண்டியதும் இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1124ஆம் பிரிவு கேட்பது மறைமாவட்டத்தின் (பல கோயில்கள் சேர்ந்த திருச்சபை நிர்வாகப் பகுதியின்) வெளிப்படையான அனுமதியை மட்டுமே. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்குறுதி தருபவரும் கத்தோலிக்கத் தரப்பினரே. மற்றவருக்கு அது தெரிவிக்கப்படும், அவரிடம் கேட்கப்படுவதில்லை. (எங்களுக்கு 'ஆயர்' என்றால் மறைமாவட்டத் தலைவர், சி.எஸ்.ஐ.யினருக்குச் சபைப் போதகர். "ஆயரிடம் அனுமதி வாங்கியாயிற்று" என்று யாராவது சொன்னால், எந்த ஆயர் என்று நான் இரண்டு முறை கேட்பேன்.)

உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. 'இயேசுவின் நாமத்தில்' மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளும், ஞானஸ்நானமே கொடுக்காத இரட்சணிய சேனையும் உள்ளன. மாப்பிள்ளையோ பெண்ணோ அங்கிருந்து வந்தால், முறையான ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால், அனுமதி போதாது. முறையான விதிவிலக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் திருமணமே செல்லாது.

காலையில் மாதா கோயிலிலும் மாலையில் மாற்றுச் சபையினர் ஆலயத்திலுமாக இரண்டு முறை திருமண ஒப்பந்தம் செய்யும் ஏற்பாட்டைத் தயவுசெய்து கைவிடுங்கள். திருச்சபைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அவர்களுடைய போதகரை நம் கோயிலுக்கே அழைத்து இறைவார்த்தை வாசித்து ஆசீர்வதிக்கச் சொல்லலாம். அவர்கள் ஆலயத்தில்தான் நடத்த வேண்டுமென்றால், அதற்கும் மறைமாவட்டத்திடம் விதிவிலக்குக் கேட்க வழியிருக்கிறது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டால் போதும் என்ற எண்ணம் மட்டும் கத்தோலிக்கருக்கு உதவாது.

மனு பங்குத்தந்தை வழியாகவே போக வேண்டும், பதில் வரவும் நாள் பிடிக்கும். ஆகவே மண்டபம் பார்ப்பதற்கு முன்பே இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ்களோடு அவரைப் போய்ப் பாருங்கள். போகும்போது பெரியப்பாவையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.