சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாவது ஏன்?

மே மாத வெயிலில் வேலூர்ப் பக்கம் பூத்து நிற்கும் குல்மோகர் மரத்தைப் படம் எடுத்தால், கலரில் அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். அதையே போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூ எது, இலை எது என்று தெரியாமல் மரம் மொத்தமும் ஒரே சாம்பல் திட்டாகிவிடும். போட்டோவிலோ கேமராவிலோ குறை இல்லை. மென்பொருள் போடும் கணக்குதான் காரணம்.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கறுப்பு வெள்ளைக்கு ஒரே எண் போதும். மூன்றை ஒன்றாக்கும்போது எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பரவலாக இருக்கும் சூத்திரம், சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 எடுத்துக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 1953இல் கலர் டிவிக்குத் தரநிலை வகுத்தபோது, வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளை டிவியிலும் படம் சரியாகத் தெரிய வேண்டுமே என்று வந்த பங்கீடு இது. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும், நீலம் மங்கல். அதனால்தான் பச்சைக்குப் பாதிக்கு மேல்.

இப்போது குல்மோகருக்கு வருவோம். பூவின் ஒரு பிக்சல் 210, 50, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இலை 80, 110, 50. கணக்குப் போட்டால் பூவுக்கு 96, இலைக்கு 94 வரும். இரண்டு எண் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிரித்துப் பார்க்காது. ஃபோட்டோஷாப்பில் நிறத்தை நீக்கும் டிசாச்சுரேட் கட்டளையைக் கொடுத்தால் சிக்கல் வேறு மாதிரி: மூன்றில் பெரிய எண்ணையும் சின்ன எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறது. சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் அங்கே ஒரே நடுச் சாம்பல், 128. நான் இதைத் தொடுவதே இல்லை.

சிவப்பு சேனலை, அதாவது சிவப்பு எண்ணை மட்டும் எடுத்தால்? பூ 210, இலை 80. பூக்கள் வெள்ளையாக, இலைகளுக்கு மேலே துலக்கமாக நிற்கும். பச்சை சேனல் என்றால் பூ 50, இலை 110. பூ கறுத்துப்போகும். படம் ஒன்றுதான். எந்த நிறம் வெளுக்க வேண்டும், எது கறுக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம். பிலிம் காலத்தில் இதற்கு லென்ஸின் முன்னால் மஞ்சள் அல்லது சிவப்பு ஃபில்டரை மாட்ட வேண்டும். கிளிக் செய்த பிறகு மாற்ற வழியில்லை. இன்றைக்கு லைட்ரூம் என்ற போட்டோ திருத்தும் மென்பொருளின் பிளாக் அண்ட் ஒயிட் பகுதியில், எட்டு நிறங்களை ஏற்றி இறக்கத் தனித்தனி ஸ்லைடர் இருக்கிறது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஜிம்ப் மென்பொருளில், மூன்று சேனலையும் நாமே கலக்கும் மோனோ மிக்சர் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பொருளும் ஸ்லைடருக்கு அசையாது. வேலூர்க் கோட்டை மதில் கருங்கல். உச்சி வெயிலில் அதன் மூன்று எண்களும் கிட்டத்தட்ட சமம், அதாவது அதில் நிறமே இல்லை. நீல ஸ்லைடரை இழுத்தால் மேலே வானம் மட்டும் கறுக்கும், மதில் அப்படியே நிற்கும். மாலையில் சாய்ந்த வெயில் பட்டுக் கல் மஞ்சளாகும்போது நிலைமை வேறு. அப்போது மஞ்சளையும் ஆரஞ்சையும் ஏற்றினால் மதில் மட்டும் பளிச்சென்று மேலே வரும். கோட்டைக்குக் கேமராவோடு போகிறவர்கள் மாலையில் போவதே நல்லது.

மனித முகத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடரில்தான் விழும். அதை ஏற்றினால் பருவும் கரும்புள்ளியும் மறையும், அதோடு மாநிறமும் மறைந்துவிடும். கல்யாண ஆல்பங்களில் இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. கறுப்பு வெள்ளையில் நம்மவர்கள் முகம் அழகாக விழுவதே அந்த நடுச் சாம்பல்களில்தான். அதை வெளுக்க வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்று, ஸ்லைடரைக் கடைசி வரை இழுக்காதீர்கள். ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சப்படுத்த, வெளிச்சத்தை முழு விவரத்தோடும் நிறத்தைப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விவரத்தோடும் சேமிக்கிறது. வானத்தை ஒரேயடியாகக் கறுக்க வைத்தால், அப்படிக் குறைந்த விவரத்தோடு சேமித்த நிறம் கட்டம் கட்டமாக வெளியே தெரியும். தென்னங்கீற்று ஓரங்களில் வெள்ளைக் கோடு கிளம்பும். கேமரா சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இதை நன்றாகவே தாங்கும். 8 பிட் ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. அப்புறம், கேமராவையே கறுப்பு வெள்ளையில் வைத்து ஜேபெக் மட்டும் எடுத்தால் நிற எண்கள் அங்கேயே போய்விடும், பிறகு இழுக்க ஸ்லைடரில் எதுவும் இருக்காது. ராவும் சேர்த்து எடுத்தால் திரையில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்துக்கொண்டே கலரையும் கையில் வைத்திருக்கலாம்.